தைலமும் அத்தரும்

ஆயுர்வேதத்தின் பெயரால் நறுமண எண்ணெய்ப் புட்டிகள் இன்று நம் இல்லங்களுக்குள் வருகின்றன. வாலையில் வடித்த அவ்வெண்ணெயும் வைத்தியர் காய்ச்சும் தைலமும் ஒன்றென்றே பலர் கருதுகின்றனர். தைலத்தை உடலெங்கும் தேய்த்து முழுகலாம். வடித்த எண்ணெயைக் கலப்பின்றித் தேய்த்தால் தோல் புண்ணாகக்கூடும். யூகலிப்டஸ் எண்ணெய் சிறிதளவு உட்சென்றாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

இரண்டின் வரலாறும் வேறு. திலம் என்பது எள். தைலம் என்னும் சொல் அதனின்று பிறந்தது. அரைத்த மூலிகை 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, கஷாயம் 16 பங்கு என்பது பொது அளவு. நீர் வற்றும்வரை காய்ச்சுவர். அக்கொதிப்பில் மணம் பெரும்பாலும் பறந்துவிடும்! ஆகவே மணப்பொருள்களை இறுதியில் சேர்ப்பதும் உண்டு.

பறக்கும் ஆவியைப் பிடித்துக் குளிர்விக்கும் கலையை வளர்த்தவர்களுள் அரபு மொழியில் எழுதிய அறிஞர்கள் முன்நிற்கின்றனர். அப்பெருமையை இப்னு சீனாவுக்கே சூட்டுவது நம்மவர் வழக்கம். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டில், அல்கிந்தி நறுமணப் பொருள்களை வடிப்பது குறித்துத் தனி நூலே இயற்றினார்.

ரோஜா அத்தரின் கதையை ஜஹாங்கீர் (ஆட்சி 1605–1627) தம் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம், சூடான பன்னீர் ஊற்றிய தட்டுகளின் மேல் படர்ந்த ஆடையைச் சிறுகச் சிறுகத் திரட்டினாராம். மகிழ்ந்த மன்னர் முத்துமாலை பரிசளித்தார். ரோஜா எண்ணெயை அவருக்கு முன் எவருமே கண்டதில்லை என்பதை மட்டும் நாம் அப்படியே ஏற்கத் தயங்குகின்றோம்.

உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில், செப்புக் கலத்தில் மலரும் நீரும் இட்டு, மூங்கில் குழாய் வழியே ஆவியைச் சந்தன எண்ணெயினுள் இறக்கும் முறை இன்றும் உள்ளது. சந்தனத்தின் விலை ஏறிவிட்டதால், மலிவான பாரஃபின் எண்ணெயும் அவ்விடத்தில் புகுந்துவிட்டது.