குரலுக்கு ஒரு அறை: வீட்டு ஸ்டூடியோவுக்கு முன்னால இருந்த வரலாறு

தெல்லிப்பழையில ஒரு வீட்டு அறைக்குள்ள இருந்து பாட்டுச் செய்ய இப்ப பெரிசா ஒன்றும் தேவையில்லை. ஒரு லப்டொப், ஒரு மைக், ஒரு ஹெட்போன் காணும். சிக்கல் வாறது கடைசியிலதான். இசை தயார், குரலும் பதிஞ்சாச்சு. ஆனா இரண்டையும் சேர்த்துக் கேட்டா, குரல் இசைக்கு மேல ஒட்டி வைச்ச மாதிரி நிக்கும். இல்லாட்டி இசைக்குள்ள தாண்டு போயிடும். யூடியூப்பில ஆளுக்கொரு பிளக்-இன் சொல்லுவினம். அதை இறக்க முதல், இந்தச் சிக்கல் எங்க இருந்து வந்தது எண்டு பாக்கிறது நல்லம்.

1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலை பிரெட் கைஸ்பெர்க் பதிவு செய்தபோது மைக் என்ற ஒன்றே பயன்பாட்டில் இல்லை. ஒரு குழாயின் வாய்க்குள்ள பாடவேணும். அந்த அதிர்வே மெழுகுத் தட்டில கோடு கீறும். குரல் கூட வேணுமெண்டால் பாடுறவர் கிட்ட வரவேணும், வாத்தியம் குறைய வேணுமெண்டால் வாசிக்கிறவர் தள்ளி நிக்கவேணும். மிக்ஸிங் எண்டது அப்ப ஆக்கள் நிக்கிற தூரம்தான்.

1925இல் மைக் வழி மின் ஒலிப்பதிவு வணிகத்துக்கு வந்ததும் மெல்லிய குரலுக்கும் இடம் கிடைச்சது. மைக் இல்லாத நாடக மேடையில வளர்ந்த கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் உச்சத்தில எடுத்துப் பாடினவை. பிறகு வந்த ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீநிவாஸும் காதுக்குள்ள கதைக்கிற மாதிரிப் பாடிச்சினம். அந்த மென்மையைச் சாத்தியமாக்கினதில மைக்குக்குப் பெரிய பங்கு இருக்கு.

அந்தக் காலத் திரையிசையில் பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே நேரத்தில் பதிவு செய்வார்கள். ஒருத்தர் பிழைவிட்டால் எல்லாரும் திரும்பத் தொடங்கவேணும். அதனால இசையமைப்பிலேயே குரலுக்கு வழி விட்டிருப்பினம்: குரல் வரேக்க வாத்தியம் பணியும், குரல் மூச்செடுக்கிற இடைவெளியில புல்லாங்குழலோ வயலினோ பதில் சொல்லும். எல்லாச் சத்தமும் ஒரே நேரத்துக் காற்றில கலந்ததால, குரல் ‘ஒட்டி வைச்ச’ சிக்கலும் பெரிசா இல்லை.

அந்த ஒற்றுமையை உடைத்தவர்களில் முக்கியமானவர் லெஸ் போல். அவரும் மேரி போர்டும் வீட்டிலேயே ஒரு பதிவுக்கு மேல இன்னொரு பதிவாக அடுக்கிச் செய்த ‘ஹவ் ஹை த மூன்’ 1951இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. எங்கட பக்கத்தில ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடேயே பஞ்சதன் ஸ்டூடியோவைத் தொடங்கினார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. இசை ஒருநாள், குரல் இன்னொருநாள் எண்டு தனித்தனியாப் பதியலாம் எண்டானது பெரிய விடுதலை. ஆனா அதோட குரலும் இசையும் பகிர்ந்த அந்தப் பொது அறையும் போச்சு. இப்ப நாங்கள் மிக்ஸிங் எண்டு செய்யிறது, போன அறையைத் திருப்பிக் கட்டுறதுதான்.

அப்பிடிப் பாத்தா, செய்ய வேண்டியது தெளிவு. முதல்ல எல்லாத்தையும் இறக்கிப்போட்டு குரலில இருந்து தொடங்குங்கோ. குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ பெரும்பாலும் காத்தாடி இரைச்சலும் மேசை அதிர்வும்தான், வெட்டலாம். சொல் விளங்கிறதுக்கு 2,000 இல் இருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் முக்கியம். கிற்றாரும் கீபோர்ட்டும் அங்கதான் நெரிக்கும். குரலைக் கூட்டாமல் அவையை அந்த இடத்தில கொஞ்சம் குறையுங்கோ. பழைய ஆக்கள் வாத்தியத்தைப் பணிய வைச்ச அதே வேலை. குரலுக்கு ஒரு ரிவேர்ப், இசைக்கு வேறொண்டு எண்டில்லாமல், ஒரே ரிவேர்ப்புக்கு இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பினா இரண்டும் ஒரே அறைக்குள்ள வந்திடும்.

ஓட்டோ-டியூனிலதான் எனக்குப் பயம். எண்ணெய் தேட நில அதிர்வு அலைகளை ஆராய்ந்த அண்டி ஹில்டபிராண்ட் 1997இல் கொண்டுவந்த மென்பொருள் அது. வேகத்தைக் கூட்டி வைச்சா, சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போற கமகத்தைப் பிழையெண்டு நினைச்சு நேராக்கிப்போடும். ஒப்பாரியிலயும் தாலாட்டிலயும் இருக்கிற இழுவையும் அப்பிடித்தான் போகும். எங்கட குரலை எங்கட குரலா வைச்சிருக்கிறது அந்த வளைவுகள்தான். அதை விட்டுக்குடுத்துச் சுத்தம் வாங்கத் தேவையில்லை.

கடைசிச் சோதனைக்கு விலை கூடின ஸ்பீக்கர் வேண்டாம். 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்த பிறகு, குடாநாட்டில கரண்ட் இல்லாத வருசங்களில, சைக்கிள் பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோ கேட்டதை வீட்டில பெரியாக்களிட்டக் கேட்டா சொல்லுவினம். அந்தச் சின்ன ஸ்பீக்கரில பேஸ் கிடையாது. கோயில் திருவிழாக் குழாயிலயும் அப்பிடித்தான். ஆனா சொல் கேட்டது. உங்கட பாட்டைப் போன் ஸ்பீக்கரில, குசினிக்குள்ள ஆக்கள் கதைக்கேக்க போட்டுப் பாருங்கோ. சொல் விளங்கினா மிக்ஸ் முடிஞ்சுது.