கோட்டை தெரியும்... கொத்தளம் தெரியுமா?

‘கோட்டை கொத்தளத்தில் முதலமைச்சர் தேசியக்கொடி ஏற்றினார்’ - ஆகஸ்ட் 15 ஆனா இந்த வரியைக் கேட்காத ஆளே இருக்க முடியாது. கோட்டை ஓகே. கொத்தளம்னா என்ன? ‘காடு கரை’ மாதிரி சும்மா ஜோடி சேர்த்த சொல்லா?

இல்லை. கோட்டை மதிலில் இருந்து வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் காவல் அமைப்புதான் கொத்தளம். ஆங்கிலத்தில் பாஸ்டியன்.

எதுக்கு அது?

மதில் நேராக மட்டும் இருந்தால், அடியில் வந்து ஒட்டி நிற்கும் எதிரி மேலே இருப்பவர் கண்ணில் படமாட்டான். எட்டிப்பார்த்தால் தலைக்கு ஆபத்து. கொத்தளத்தில் நின்றால் இரண்டு பக்க மதிலின் அடியும் தெரியும். பக்கவாட்டில் இருந்தே சுடலாம்.

வேலூர் கோட்டையில் வட்டமான கொத்தளங்களைப் பார்க்கலாம். பீரங்கி வந்த பிறகு, இத்தாலியில் கூர்முனை கொண்ட கொத்தளங்கள் உருவாகின. வட்டத்துக்கு முன்னால் இருந்த மறைவிடமும் அதோடு காலி. ஐரோப்பியர்கள் அந்த வடிவத்தை இங்கேயும் கொண்டுவந்தார்கள்.

சொல் எங்கிருந்து?

சென்னை - திருப்பதி சாலையில், திருத்தணிக்கு முன்னால் வரும் கனகம்மாசத்திரத்தில் தமிழும் தெலுங்கும் சேர்ந்தே காதில் விழும். கொத்தளமும் அப்படித்தான், ஒரு மொழிக்கு மட்டும் சொந்தமில்லை. கன்னடத்தில் ‘கொத்தள’, மலையாளத்தில் ‘கொத்தளம்’. தெலுங்கிலும் இதன் உறவுச்சொல் உண்டு.

சென்னைக் கோட்டையின் கதை

1639-ல் நிலம் பெற்று கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது புனித ஜார்ஜ் கோட்டை. 1746-ல் அதைப் பிரெஞ்சுப் படை பிடித்தது. 1749-ல் உடன்படிக்கைப்படி திரும்பக் கிடைத்தது. அதன் பிறகு மதிலையும் கொத்தளங்களையும் பலப்படுத்தினார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுப் படை மறுபடி முற்றுகையிட்டது. இந்த முறை கோட்டை விழவில்லை. 1759 பிப்ரவரியில் படை திரும்பிப்போனது.

கொடி வந்தது எப்படி?

முன்பெல்லாம் சுதந்திர தினத்திலும் மாநிலங்களில் ஆளுநர்தான் கொடியேற்றுவார். மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வருக்கு அந்த உரிமை வேண்டும் என்று மத்திய அரசிடம் கேட்டார் அன்றைய முதல்வர் கருணாநிதி. 1974 ஆகஸ்ட் 15 முதல் அந்த உரிமை எல்லா மாநில முதல்வர்களுக்கும் கிடைத்தது. குடியரசு தினக் கொடியேற்றம் ஆளுநருக்கு.

ஒரு விஷயம்: ஆங்கிலச் செய்திகளில் ‘ராம்பார்ட்ஸ்’ என்பார்கள். அது மதிலின் மேல்தளம். தமிழில் நாம் அதையும் சேர்த்தே கொத்தளம்னு சொல்லிப் பழகிட்டோம்.

அடுத்த முறை வேலூர் போனால், அகழிக்கு வெளியே நின்று மதிலைப் பாருங்க. எங்கே வளைந்து வெளியே வருதோ, அதுதான் கொத்தளம்.