பியோகுரோமோசைட்டோமா அறுவை மருத்துவத்தின் வரலாறு

பியோகுரோமோசைட்டோமா என்பது சிறுநீரகங்களின் மேலுள்ள அண்ணீரகச் சுரப்பியின் அகணியில் தோன்றும் அரிய கட்டியாகும். இது அட்ரினலின், நோரட்ரினலின் ஆகிய இயக்குநீர்களை மிகுதியாகச் சுரக்கும். திடீர்த் தலைவலி, வியர்வை, படபடப்பு, உயர் இரத்த அழுத்தம் ஆகியன இதன் அறிகுறிகள். சிலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. வேறு நோய்க்கான அறுவையின்போது கட்டி வெளிப்படுவதும் உண்டு.

தொடக்கக் கண்டறிதல்கள்

1886 ஆம் ஆண்டில் செருமனியின் பிரைபர்க் நகரில் பெலிக்சு பிராங்கெல் என்ற மருத்துவர், படபடப்பும் தலைவலியும் வந்து வந்து போன 18 வயதுப் பெண்ணின் நோயை விவரித்தார். அவர் இறந்த பின்னரே இரு அண்ணீரகங்களிலும் கட்டிகள் இருந்தது தெரிந்தது. அப்பெண்ணின் குடும்ப வழியினரிடம் மரபணுத் திரிபு இருப்பது 2007 இல் வெளியான ஆய்வில் உறுதியானது. குரோமியம் உப்புகள் பட்டால் கட்டியின் செல்கள் கருமையடைவதால், 1912 இல் லுட்விக் பிக் இதற்குத் தற்போதைய பெயரைச் சூட்டினார்.

அறுவையும் ஆபத்தும்

1926 இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சேசர் ரூவும், அமெரிக்காவின் ரோச்செசுட்டர் நகரில் சார்லசு மேயோவும் இக்கட்டியை வெற்றிகரமாக அகற்றினர். வயிற்றைத் திறக்கும் வரை கட்டியின் தன்மையை மேயோ அறிந்திருக்கவில்லை. 1929 இல் மாரிசு பிங்காப்சு இதனை அறுவைக்கு முன்பே கண்டறிந்தார்.

எனினும் கண்டறிந்தால் மட்டும் போதவில்லை. கட்டியைத் தொட்டதும் இயக்குநீர்கள் இரத்தத்தில் கொட்டி அழுத்தம் எகிறும். அகற்றியதும் அழுத்தம் சட்டென வீழும். இதனால் நோயாளிகள் பலர் அறுவையின்போதும் அதையடுத்தும் இறந்தனர்.

அறுவைக்கு முந்தைய ஆயத்தம்

1950களில் பீனாக்சிபென்சமின் என்ற ஆல்பா ஏற்பி அடைப்பான் பயன்பாட்டுக்கு வந்தது. அறுவைக்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பே இதைத் தொடங்கினால் இறுகிய இரத்தக் குழாய்கள் தளரும். உப்பும் நீரும் மிகுதியாகக் கொடுத்து இரத்தக் கன அளவு ஈடுசெய்யப்படும். படபடப்பு நீடித்தால் அதன் பின்னரே பீட்டா அடைப்பான் தரப்படும். வரிசை மாறினால், குழாய்களை விரிக்கும் பீட்டா ஏற்பிகள் முதலில் அடைபட்டு அழுத்தம் மேலும் உயரும்.

ஆயத்தம் போதுமா எனக் காண, 1982 இல் ரோய்சன் குழுவினர் அளவுகோல்களை வகுத்தனர். அறுவைக்கு முந்தைய 24 மணி நேரத்தில் இரத்த அழுத்தம் 160/90 ஐத் தாண்டக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

முன்பு நால்வரில் ஒருவர் அல்லது அதற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட இவ்வறுவையில், இன்று சிறந்த மையங்களில் நூற்றுக்கு மூவருக்கும் குறைவாகவே இறக்கின்றனர். ஆனால் கட்டி இருப்பது அறியப்படாதவருக்கு இந்த ஆயத்தம் கிடைப்பதில்லை. எனவே திடீர்த் தலைவலி, வியர்வை, படபடப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வருகின்றனவா எனக் கேட்டறிவதும், ஐயம் எழுந்தால் இரத்தத்திலோ சிறுநீரிலோ மெட்டாநெப்ரின் அளவைச் சோதிப்பதும் அறுவைக்கு முன் இன்றியமையாதனவாகும்.