சாம்பல் நிற ஃபெர்குசனும் நான் வாசிக்காத புத்தகமும்

பாகூரில் என் தாய்மாமா வைத்திருந்த டிராக்டரைப் பற்றி எழுதுங்கள் தாத்தா என்று பேரன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். 1960களின் நடுவில் மாமா அதை இரண்டாம் கையாக வாங்கினார். சாம்பல் நிற ஃபெர்குசன், டி.இ.20 வகை. அதன் கதை அயர்லாந்தில் தொடங்குகிறது.

ஹாரி ஃபெர்குசன் 1884இல் அயர்லாந்தின் வடபகுதியில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர். பெல்பாஸ்ட் நகரில் மோட்டார் தொழில் செய்துவந்தார். முதல் உலகப்போர் நடந்த 1917இல், உணவு உற்பத்திக்காக அரசு ஓட்டிய டிராக்டர்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்துச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. அக்காலத்து டிராக்டர், மாடு இழுப்பதுபோலக் கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்தது. கலப்பை கல்லில் சிக்கினால் வண்டியின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுபவர் மேலேயே கவிழும். பல ஆண்டு உழைத்து அவர் கண்ட விடைதான் மூன்று புள்ளி இணைப்பு. கீழே இரண்டு கைகள், மேலே ஒன்று, தூக்கி இறக்க ஹைட்ராலிக். கலப்பை வண்டியின் ஓர் உறுப்பாகவே ஆனது. இன்று நம்மூர் வயலில் ஓடும் டிராக்டர்களின் பின்புறத்தைப் பாருங்கள், அதே முக்கோணம்தான். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் வண்டிகளில் அவர் பெயரே இருக்கிறது.

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில், போர்க்காலத்தில் விமான எஞ்சின் செய்த தொழிற்சாலையில், 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் அதிகமான டி.இ.20 வண்டிகள் தயாராயின. பாரிஸை அடுத்த சேன் தெனியிலும் 1953 முதல் ஃபெர்குசன் வண்டிகள் செய்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த செல்லப்பெயர் 'பெத்தி கிரி', அதாவது சின்னச் சாம்பல். அந்தப் பெயரில் அங்கே உண்ணும் நத்தை ஒன்றும் உண்டு! ஆனால் எட்மண்ட் ஹிலாரி குழு இந்த நத்தைகளுக்குச் சங்கிலிப் பட்டை மாட்டி, 1958 ஜனவரி 4ஆம் தேதி தென் துருவத்தையே அடைந்துவிட்டது.

இந்த வண்டி இன்றும் பலரிடம் ஓடுவதற்குக் காரணம், சொந்தக்காரரே பழுது பார்க்கும்படி அதைச் செய்திருந்ததுதான். வண்டியோடு ஒரு ஸ்பேனர் தருவார்கள். அடிக்கடி கைவைக்கும் நட்டுகளுக்கு அதுவே போதும். கைப்பிடியில் அங்குலக் கோடுகள் இருப்பதால் அளவுகோலாகவும் உதவும். எஞ்சின் சிலிண்டரின் உள்ளுறை தேய்ந்தால் அதை மட்டும் கழற்றிப் புதிது போடலாம். கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில். அது மோர் நிறமாக மாறினால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

மாமாவின் வண்டி பெட்ரோலில் கிளம்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடும் ரகம். பெட்ரோல் விலைக்குப் பயந்து, எஞ்சின் சூடாகும் முன்பே மாமா குழாயைத் திருப்பிவிடுவார். அப்படிச் செய்தால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாகக் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும், ஆனால் அளவு கூடும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்த மாமா, "நம்ம வண்டி ஆயிலே குடிக்கலடா!" என்று பூரித்துப்போனார்.

வண்டியோடு ஓர் ஆங்கிலப் புத்தகமும் வந்திருந்தது. "நீதான் படிச்ச பையன், இதுல என்ன போட்டிருக்கு, பாத்துச் சொல்லு" என்று என்னிடம் கொடுத்தார். எனக்கு அப்போது பதினான்கு வயது, படிப்பு பிரெஞ்சில். ஆங்கிலம் அரைகுறை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, பக்கங்களைப் புரட்டிவிட்டு, "பெரிசா ஒண்ணும் இல்ல மாமா" என்றேன்.

சம்பா நடவுக்குச் சேடை ஓட்டும்போது பேரிங் போய், எஞ்சின் இறுகி, வண்டி சேற்றிலேயே நின்றது. கடலூரிலிருந்து வந்த மெக்கானிக் ஆயிலை இறக்கி விரலில் தொட்டு மோந்து பார்த்தார். "இது ஆயில் இல்லீங்க, மண்ணெண்ணெய்" என்றார். வாடகை மாடு பிடித்து, நடவு தள்ளிப்போய், மகசூலும் குறைந்தது. வண்டி பிழைத்துக்கொண்டது. என் பொய்யை மாமாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. அரசு வேலைக்கு வந்து, கோப்புகளுக்காக ஆங்கிலம் பழகிய பிறகு, அதே புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்துப் படித்தேன். எஞ்சின் சூடாகும் முன் மாற்றாதே, ஆயிலை அடிக்கடி மாற்று என்று தெளிவாகவே போட்டிருந்தது.

சொந்தக்காரரே பழுது பார்க்கலாம் என்றால், விவரமும் அவர் கைக்கு வர வேண்டும். ஸ்பேனர் மட்டும் போதாது. இன்றைய டிராக்டர்களில் அந்த விவரம் கம்ப்யூட்டர் பூட்டுக்குள் இருக்கிறது. அமெரிக்க விவசாயிகள் அதற்காகப் போராடி, 2023இல் ஜான் டீர் நிறுவனத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மாமாவுக்குப் பூட்டு எதுவும் இல்லை, என் வெட்கம்தான் குறுக்கே நின்றது.

பிரெஞ்சில் பராமரிப்புக்கு 'ஆந்த்ரத்தியேன்' என்பார்கள். உரையாடலுக்கும் அதே சொல்தான். வண்டி தன் மொழியில் பேசிக்கொண்டுதான் இருந்தது. டிப்ஸ்டிக்கில் ஏறிய அந்த அளவும் ஒரு பேச்சுதான். புரியவில்லை என்று அன்றே ஒத்துக்கொண்டிருந்தால், யாரிடமாவது கேட்டிருப்போம்.