வாடகைக்கு ஒரு மேக் பொட்டி

கிளவுடுன்னா என்ன? எவனோ வெச்சிருக்கிற பெரிய சர்வரைத் துண்டு போட்டு, பத்து நிமிஷம் போதும்னா பத்து நிமிஷத்துக்கு வாடகைக்கு எடுக்கிறது. இந்தக் கணக்கு செல்லாத பொட்டி ஒண்ணு உண்டு: ஆப்பிளோட மேக்.

ஐபோன் ஆப்பை பில்ட் பண்ண எக்ஸ்கோட் வேணும். அது மேக் ஓஎஸ்ல மட்டும்தான் ஓடும். மேக் ஓஎஸ்ஸை ஆப்பிள் பொட்டியில மட்டும்தான் போடலாம்னு லைசென்ஸ் சொல்லுது. ஆக, டேட்டா சென்டருக்குள்ள நிஜமான மேக்கையே கொண்டுபோய் வெச்சாகணும்.

2002-ல ஆப்பிளே எக்ஸ்சர்வ்னு ரேக்ல மாட்டுற சர்வர் வித்துச்சு. 2011 ஜனவரியோட அதுக்கு மங்களம் பாடியாச்சு. மிச்சம் இருந்ததுல ஒண்ணு மேஜைக்குன்னு செஞ்ச மேக் மினி. 2005-ல அது வந்த சூட்டோட, லாஸ் வேகாஸ்ல மேக்மினிகோலோன்னு ஒரு கம்பெனி அதை அலமாரியில அடுக்கி ஹோஸ்டிங் ஆரம்பிச்சுட்டாங்க! சர்வர்னா ரெண்டு பவர் சப்ளை, தூரத்துலேர்ந்தே ஆன் பண்ற வசதி எல்லாம் இருக்கும். அந்தக் கால மினியில அது எதுவும் கிடையாது. தொங்கினா ஒரு ஆள் எழுந்து போய் பட்டனை அமுக்க வேண்டியிருந்துச்சு :-)

2020 நவம்பர்ல அமேசானும் இறங்கினாங்க. பொட்டியைப் பிரிக்காம, தண்டர்போல்ட் கேபிள்ல தங்களோட நைட்ரோ கார்டை இணைச்சு, டிஸ்க், நெட்வொர்க் எல்லாத்தையும் அது வழியா கொடுத்தாங்க. நல்ல வேலைப்பாடு, ஒத்துக்கணும்.

சிக்கல் வேற இடத்துல. அதே மாசம் வந்த பிக் சர் லைசென்ஸ்ல ஒரு ஷரத்து: மேக்கை வாடகைக்கு விட்டா குறைஞ்சது தொடர்ந்து 24 மணி நேரம், அதுவும் ஒருத்தருக்கே முழுசா. அப்போ அமெரிக்காவுல வாடகை மணிக்கு 1.083 டாலர். பத்து நிமிஷ பில்டுக்கு தண்டம் 26 டாலர்! பெரிய கம்பெனி நாள் முழுக்க பில்ட் ஓட்டி ஈடுகட்டிடும். ஒத்தை ஆளா ஆப் எழுதறவன்தான் பாவம்.

இன்ஸ்டன்ஸை நிறுத்திட்டா மீட்டர் நின்னுடும்னு நினைக்காதீங்க. ஹோஸ்ட்டையே திருப்பிக் கொடுத்தாத்தான் நிக்கும், 24 மணி முடியாம கொடுக்கவும் முடியாது. நிறுத்தின பொட்டியை சுத்தமா அழிச்சுத் துடைக்கறதுக்கே சில சமயம் ஒரு மணி நேரம் தாண்டிடும். அதுவரைக்கும் அதுல அடுத்த இன்ஸ்டன்ஸைக் கிளப்ப முடியாது. சரி, விர்ச்சுவல் மெஷினாப் பிரிச்சுக்கலாம்னா, ஒரு மேக்ல கூடுதலா ரெண்டே ரெண்டு மேக் ஓஎஸ்தான் அனுமதி.