தோட்டமும் வாக்காளர் இடாப்பும்: பதுளை மாவட்டத்தின் தேர்தல் வரலாறு (1931–2024)

ஊவா மாகாணத்தின் இரு மாவட்டங்களுள் பதுளையே தேயிலை நிலம்; மற்றது மொனராகலை. அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, ஹாலிஎல, பசறை, நமுனுகுல, மடுல்சீமை, லுணுகலை என மலைச்சரிவெங்கும் தோட்டங்கள் பரவியுள்ளன. வடக்கே மகியங்கனையில் மலை இறங்கி நெல்வயல் தொடங்குகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்ட மக்களில் சுமார் 18 விழுக்காட்டினர் இந்திய வம்சாவளித் தமிழர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டங்களைச் சார்ந்தவர்கள். ஆனால் பதுளையிலிருந்து நாடாளுமன்றத்துக்குச் சென்ற தமிழர் எண்ணிக்கை இந்த விழுக்காட்டை ஒட்டி அமையவில்லை. வாக்காளர் இடாப்பில் யார் பெயர் இருந்தது, எந்த எல்லைக்குள் வாக்குகள் எண்ணப்பட்டன என்ற இரண்டுமே ஒவ்வொரு காலத்திலும் அதைத் தீர்மானித்தன.

டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. இந்தியத் தொழிலாளருக்கு அது நிபந்தனையோடுதான் கிடைத்தது. இலங்கையை நிலையான வாழிடமாகக் கொண்டவர் என்று நிறுவவேண்டும். இல்லையேல் கல்வி அல்லது சொத்துத் தகுதி, அதுவும் இல்லையேல் நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும். லயம் எனும் வரிசைவீட்டுக் காம்பிராவில் பிறந்து, வேலைக்கு ஆள் பதியும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, அதே தோட்டத்தில் மாண்டவர்களிடமும் அதிகாரிகள் ஏற்கும் காகிதச் சான்று இருப்பது அரிது. தேசிய அரசியலில் பாதி திறந்த கதவு ஊர் மட்டத்தில் முழுதாக மூடப்பட்டது. 1930களின் இறுதியில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு அச்சபைகளில் வாக்கு மறுக்கப்பட்டது. அந்தக் கதவு திறக்கப் பின்னாளில் அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

1947 பொதுத்தேர்தல் இந்த வரலாற்றில் தனித்து நிற்கிறது. சோல்பரி ஏற்பாட்டின்படி 75,000 மக்களுக்கு ஓர் உறுப்பினரும், 1,000 சதுர மைல் பரப்புக்கு மேலும் ஓர் உறுப்பினரும் என்ற அளவில் மாகாணங்களுக்குத் தொகுதிகள் பகிரப்பட்டன. சிறுபான்மையினருக்கும் இடம் கிடைக்கவேண்டும் என்ற நோக்கில் சில தொகுதிகள் பல அங்கத்தவர் தொகுதிகளாயின. பதுளை அவற்றுள் ஒன்று. இரண்டு உறுப்பினர்களைத் தெரிவுசெய்தது. லங்கா சமசமாஜக் கட்சியின் ஜே.சி.டி. கொத்தலாவலையும் இலங்கை இந்தியர் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையாவும் வெற்றிபெற்றனர். அதே காங்கிரஸிலிருந்து நுவரெலியாவில் எஸ். தொண்டமானும், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும் தெரிவாயினர். சிங்களக் கிராமத்து வாக்கில் ஓர் இடதுசாரியும் தோட்டத்து வாக்கில் ஒரு தமிழரும் ஒரே தொகுதியின் பிரதிநிதிகளாக அமர்ந்தது, கிராமமும் தோட்டமும் அடுத்தடுத்துக் கிடக்கும் ஊவாவுக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு. அது ஒரு தேர்தலோடு முறிக்கப்பட்டது பெரும் இழப்பு.

முறித்தவை மூன்று சட்டங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், வம்சாவளியை நிறுவ இயலாதவரைப் பிரஜை அல்லாதவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், விண்ணப்பித்துக் காத்திருக்கும் ஒரு குறுகிய வழியை மட்டும் விட்டுவைத்தது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்குரிமையைப் பிரஜைகளுக்கு மட்டும் உரியதாக்கியது. இடாப்புகளிலிருந்து தோட்டப் பெயர்கள் நீக்கப்பட்டன. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு அக்கட்சி நடத்திய சத்தியாக்கிரகமும் இடாப்பை மாற்றவில்லை. வாக்காளராகப் பதிவுபெற முயன்ற ஒருவர் தொடுத்த கோடாகன்பிள்ளை வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1953இல் தீர்ப்பு அரசின் பக்கம் வந்தது.

இதனுள் இருந்த கணக்கைக் கவனிக்கவேண்டும். மாகாணத்துக்கு எத்தனை தொகுதி என்பது சனத்தொகையைக் கொண்டு முடிவாயிற்று. அத்தொகையில் தோட்ட மக்களும் அடக்கம். அத்தொகுதியில் யார் வெல்வது என்பதோ இடாப்பைக் கொண்டு முடிவாயிற்று. அதில் அவர்கள் இல்லை. ஆக, தோட்டத் தொழிலாளரின் தலைகள் ஊவாவுக்கு ஆசனங்களைப் பெற்றுத் தந்தன. அந்த ஆசனங்களை நிரப்பும் உரிமை அயலில் உள்ள கிராமங்களுக்குப் போயிற்று. மலையகத் தொகுதிகளில் ஒரு கிராமத்து வாக்கின் பெறுமதி மேல்மாகாண வாக்கின் பெறுமதியை விட உயர்ந்து நின்றதற்கு இதுவே காரணம். ஒரு மக்களை எண்ணிக்கைக்குப் பயன்படுத்திவிட்டு வாக்குச்சாவடியில் திருப்பியனுப்பியது அநீதி. பிற்காலத்தில் தொகுதி எல்லைகள் மீள வரையப்பட்டபோதும் இந்த அடிப்படை நீடித்தது.

1952 முதல் 1977 வரையான தேர்தல்களில் பதுளை மாவட்டத் தொகுதிகள் எதிலும் தோட்டத் தமிழர் வெல்லவில்லை. மலையகத்தின் குரல் பெரும்பாலும் நியமன உறுப்பினர்கள் வழியாகவே அவைக்கு வந்தது; தொண்டமான் 1960இல் அவ்வாறு நுழைந்தார். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பேசித் தீர்க்க. 1974இல் அந்த மிச்சமும் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஊவாவின் லயங்களிலிருந்தும் குடும்பங்கள் தலைமன்னார் நோக்கிப் புறப்பட்டன. ஒரே வீட்டில் ஒருவர் இந்தியக் கடவுச்சீட்டோடும் மற்றவர் இலங்கைப் பிரஜாவுரிமைக்குக் காத்தும் இருந்த நிலை உண்டாயிற்று.

இடாப்பு மெல்லத் திறந்தது. 1986, 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் நிலையைப் படிப்படியாக முடித்தன. ஆயினும் பிறப்புச் சான்றிதழோ தேசிய அடையாள அட்டையோ இல்லாமல் வாக்களிக்க இயலாமற்போனோர் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தனர். எண்ணும் எல்லையும் மாறியது. 1978 அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது; 1989 முதல் மாவட்டமே தேர்தல் அலகு. மகியங்கனை, வியலுவ, பசறை, பதுளை, ஹாலிஎல, ஊவா பரணகம, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஒன்பதும் வாக்கெண்ணும் பிரிவுகளாக மட்டும் எஞ்சின. ஒன்பதில் எதிலும் தனித்து வெல்ல முடியாத தோட்ட வாக்கு, மாவட்ட அளவில் ஒன்றுதிரண்டால் ஆசனமாகும்.

அதை ஆசனமாக்கும் வேலை வாக்குச்சீட்டில் நடக்கிறது. வாக்காளர் முதலில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே புள்ளடி இடுகிறார். பின் கீழே உள்ள இலக்கங்களில் மூன்று வேட்பாளருக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம். கட்சி பெறும் ஆசனங்கள், விருப்பு வாக்கு அதிகம் பெற்றவர்களுக்குப் போகின்றன. ஆகவே பெரிய கட்சி ஒன்றின் பட்டியலில் தமிழர் இரண்டு மூன்று பேர் நின்று, தோட்ட மக்கள் சின்னத்தோடு அந்த இலக்கங்களையும் தவறாமல் குறித்தால் வெற்றி உறுதி. பல தொழிற்சங்கங்கள் பல பட்டியல்களில் ஆளாளுக்கு நின்றால் அதே வாக்கு சிதறிவிடும். 2010இல் பதுளையின் எட்டு ஆசனங்களில் ஒன்றும் தமிழருக்குக் கிடைக்கவில்லை. 2015இல் தமிழ் முற்போக்குக் கூட்டணியை உள்ளடக்கிய ஐக்கிய தேசியக் கட்சிப் பட்டியலில் அ. அரவிந்தகுமாரும் வடிவேல் சுரேஷும் வென்றனர். 2020இல் ஐக்கிய மக்கள் சக்தியில் நின்று இருவருமே மீண்டும் வந்தனர்; அவர்களுள் அரவிந்தகுமார் அரசியலமைப்பின் 20ஆம் திருத்தத்தை ஆதரித்துக் கூட்டணியிலிருந்து விலக்கப்பட்டார்.

மாகாண சபையில் வாய்ப்பு இன்னும் விரிந்தது. மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் பின் 1988 ஏப்ரலில் ஊவாவுக்கு முதல் தேர்தல் நடந்தது. சிறிலங்கா சுதந்திரக் கட்சி பகிஷ்கரித்தது, ஜே.வி.பி.யின் அச்சுறுத்தல் ஊர்களைச் சூழ்ந்திருந்தது. மாகாண சபையில் மாவட்டத்துக்கு ஆசனங்கள் அதிகம் என்பதால் சிறு வாக்குத்திரளுக்கும் இடம் உண்டு. 2009இல் மலையக மக்கள் முன்னணி தனித்து நின்று, பத்தாயிரத்துக்கும் குறைந்த வாக்குகளில் ஓர் ஆசனம் பெற்றது. அப்போது பதுளைக்கு 21 ஆசனங்கள், மொனராகலைக்கு 11. 2014இல் அவை 18, 14 என மாறின. தோட்டங்கள் செறிந்த மாவட்டம் மூன்றை இழந்து, தோட்டம் குறைந்த மாவட்டம் மூன்றைப் பெற்றது.

2014 செப்டம்பர் 20 தேர்தலில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 19, ஐக்கிய தேசியக் கட்சி 13, ஜே.வி.பி. 2 என, இரண்டு போனஸ் ஆசனங்களும் சேர்ந்த 34 ஆசனங்கள் பங்கிடப்பட்டன. ஐந்து ஆண்டுகளுக்கு முன் 72 விழுக்காட்டு வாக்கு பெற்ற ஆளுங்கூட்டணி 51 விழுக்காட்டுக்கு இறங்கியது. அடுத்த ஜனவரியில் வந்த ஆட்சிமாற்றத்தின் முன்னறிகுறி அது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் செந்தில் தொண்டமான் மாகாண அமைச்சராக இருந்த காலமும் இதுவே. வாக்கு எண்ணி ஆறு வாரம் ஆகுமுன், அக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான சரிவு என முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தும் அம்மக்களுக்கு மாற்று நிலம் கிடைத்திருக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ உள்ளூராட்சி நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக நின்றது. தோட்ட மக்களால் பிரதேச சபைக்கு வாக்களிக்க முடிந்தது, ஆனால் அச்சபையால் அவர்களின் தெருவைச் செப்பனிட முடியவில்லை. 2018 திருத்தத்தோடுதான் அத்தடை நீங்கியது.

2024 இரண்டு மாத இடைவெளியில் இரு முடிவுகளைத் தந்தது. செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் பதுளை மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முந்தினார். நவம்பர் 14 பொதுத்தேர்தலில் ஒன்பது ஆசனங்களில் ஆறு தேசிய மக்கள் சக்திக்குப் போயின. அந்த ஆறு பேரில் கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் மலையகத் தமிழர்; மலையகப் பெண் ஒருவர் பதுளையிலிருந்து நாடாளுமன்றம் செல்வது புதிது. தொழிற்சங்கத் தலைமைகளைச் சாராமல் தேசியக் கட்சி ஒன்றின் உறுப்பினர்களாகவே இவர்கள் வென்றனர். தொழிற்சங்கங்களின் சின்னங்களான சேவலுக்கும் மண்வெட்டிக்கும் வாக்களித்துப் பழகிய தோட்டங்களில் இது பெரிய திருப்பம்.

மாகாண சபைக்கு 2014க்குப் பின் தேர்தல் இல்லை. 2017 திருத்தச் சட்டம் தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையை விதித்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒருவரும் ஆதரிக்காமல் தோற்கடித்தது. ஊவா சபையின் பதவிக்காலம் 2019 அக்டோபரில் முடிந்து, நிருவாகம் ஆளுநர் கைக்கு வந்தது. 2014க்குப் பின் பதினெட்டு வயதை எட்டிய பசறை, அப்புத்தளைத் தோட்டத்து இளைஞர் எவரும் 2024 முடியும்வரை தம் மாகாண சபைக்கு ஒரு முறைகூட வாக்களித்ததில்லை.