கெத்சமனேயில் ஒரு விளி

புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் சிநேகிதனைக் குறிக்கப் பெருவழக்காக நிற்கும் பதம் ‘ஃபிலோஸ்’ என்பதாகும். லூக்கா தம் சுவிசேஷத்தில் இதனை 15 இடங்களில் ஆண்டிருக்க, மாற்கு ஓரிடத்திலும் ஆளாததும், அன்பைக் குறித்து அத்தனை விரிவாக எழுதிய பவுல் அப்போஸ்தலர் தம் நிருபங்கள் எவற்றிலும் இதனைத் தொடாததும் ஆராய்வாருக்கு வியப்பளிப்பனவே. லாசருவைத் தம் சிநேகிதன் என்று இயேசு சொன்னதும், சீஷர்களை ஊழியக்காரர் என்னும் நிலையினின்று உயர்த்திச் சிநேகிதர் என அழைத்ததும், ஆபிரகாம் தேவனுக்குச் சிநேகிதன் எனப்பட்டதாக யாக்கோபு எழுதியதும் இப்பதத்தைக் கொண்டே. பிலாத்துவை அச்சுறுத்தக் கூடியிருந்தோர், இவனை விடுதலை செய்தால் நீர் இராயனுக்குச் சிநேகிதர் ஆகமாட்டீர் என்று கூவியபோதும் அவர்கள் வாயில் வந்தது இதுவே.

இக்கட்டுரை அதனைப் பற்றியதன்று. புதிய ஏற்பாட்டு ஆசிரியர்களுள் மத்தேயு ஒருவரே வழங்கும் ‘ஹெதைரோஸ்’ என்னும் பிறிதொரு பதத்தை அவர் மூன்று இடங்களில் விளியாகவே வைத்திருக்கிறார். அம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு அவ்விளியின் உட்பொருள் தானே விளங்கும்.

இப்பதம் பழமை மிக்கது. ஹோமரின் காவியத்தில் அக்கிலீஸுக்குப் பத்ரோக்ளஸ் ஹெதைரோஸ். ஒடிஸியஸோடு ஒரே மரக்கலத்தில் துடுப்பு வலித்தவர்கள் அவனுக்கு ஹெதைரோஸ்கள். மாவீரன் அலெக்ஸாந்தரின் பக்கத்தில் குதிரையேறிப் பொருத மக்கெதோனியப் பிரபுக்களின் படைக்கும் இதுவே பெயர். உள்ளத்தின் பிரியத்தை விட, ஒரே பந்தியில் உண்டதும் ஒரே பாசறையில் உறங்கியதும் ஒரே ஆபத்தில் நின்றதுமாகிய வாழ்க்கைச் சம்பந்தத்தையே அது முதன்மையாகச் சுட்டும். பிரியம் வற்றிப்போகலாம், உடனிருந்து உண்டது உண்ணாததாகிவிடாது.

மத்தேயுவின் 20ஆம் அதிகாரத்தில், விடியற்காலையில் ஒரு பணம் கூலி பேசித் திராட்சத் தோட்டத்துக்குள் வந்தவன், பொழுது சாயும் வேளையில் வந்தவனுக்கும் அதே ஒரு பணம் கொடுக்கப்பட்டதைக் கண்டு முறுமுறுக்க, எஜமான் அவனை ‘ஹெதைரே’ என்று விளித்தே நியாயத்தை எடுத்துரைக்கிறான். 22ஆம் அதிகாரத்தில், கலியாண வஸ்திரமின்றிப் பந்தியில் அமர்ந்திருந்தவனை ராஜா அதே விளியால் அழைத்துக் கேள்வி கேட்க, அவன் பேசாதிருக்கிறான். இரண்டிடத்திலும் அழைக்கப்பட்டவன் நன்மை பெற்றவன். பெற்ற நன்மையை மதிக்கத் தவறியவன். அழைத்தவனோ வசைமொழி சொல்ல முழு உரிமை பெற்றிருந்தும் அதனைச் சொல்லாமல், உனக்கும் எனக்கும் ஒரு சம்பந்தம் உண்டே என்பதை மட்டும் நினைப்பூட்டுகிறான். அந்நினைப்பூட்டலே கடிந்துரையாகிறது, அதனை விடக் கடுமையான கடிந்துரை வேறில்லை என்பது என் துணிபு.

மூன்றாவது இடம் கெத்சமனே. பட்டயங்களும் தடிகளும் ஏந்திய கூட்டத்தை அழைத்துவந்த யூதாஸ், போதகருக்கு வாழ்த்துரைத்து முத்தமிடுகிறான். முத்தமிடுதலைக் குறிக்க மத்தேயு இங்கு வழங்கும் வினைச்சொற்கள் ‘ஃபிலோஸ்’ என்பதோடு ஒரே வேரினின்று பிறந்தவை. ஆகவே மூலத்தில் படிப்பவனுக்கு, சிநேகத்தின் வேர்ச்சொல்லே காட்டிக்கொடுப்போனின் உதட்டில் அடையாளக்குறியாக மாறிவிட்ட கோரம் கண்ணெதிரே நிற்கும். அதற்கு மறுமொழி கூறும் இயேசு அவ்வேரைத் தொடவில்லை, ‘ஹெதைரே’ என்கிறார். பொய்யாகிவிட்ட பிரியத்தை மெய்போலப் பாராட்டுவது சத்தியத்துக்கு ஒவ்வாது. அன்றிரவு தம்மோடு ஒரே தாலத்தில் கையிட்டவனை அந்நியன் போல் தள்ளுவதும் சத்தியத்துக்கு ஒவ்வாது. இவ்விரண்டுக்கும் இடையே உண்மையாக எஞ்சியிருந்தது உடனுண்ட சம்பந்தம் ஒன்றே. அவ்விளியைத் தொடர்ந்து வரும் சொற்கள் வினாவா, வந்த காரியத்தைச் செய் என்னும் ஏவலா என்பதில் உரையாசிரியர்கள் மாறுபடுவர். எவ்வாறு கொண்டாலும் விளியின் பொருள் மாறுவதில்லை.

இதற்குப் பின்னே பழைய ஏற்பாட்டுச் சம்பவம் ஒன்றின் நிழல் விழுந்திருப்பதாக நான் கருதுகிறேன். அப்சலோமுக்கு அஞ்சித் தாவீது அழுதுகொண்டு ஏறிய மலையும் இதே ஒலிவமலைதான். அப்போது அவனுக்குத் துணைநின்ற ஊசாயை எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பு தாவீதின் ஹெதைரோஸ் என்று குறிக்கிறது. அதே வேளையில் தாவீதைக் கைவிட்டுப் பகைவனோடு சேர்ந்த ஆலோசனைக்காரனாகிய அகித்தோப்பேல் பின்னர் நான்றுகொண்டு இறந்தான். யூதாஸின் முடிவும் அவ்வாறே நேர்ந்ததாக எழுதியவர் சுவிசேஷகர் நால்வருள் மத்தேயு மட்டுமே. ஊசாய்க்குரிய பெயரால் அகித்தோப்பேலின் வழியில் சென்றவன் அழைக்கப்படுகிறான். சீராக்கின் ஞான நூலிலும், 37ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், தோழனும் சிநேகிதனுமாயிருந்தவன் பகைவனாக மாறுவது மரணமட்டும் எட்டும் துக்கம் எனக் கூறப்பட்டிருக்கிறது. காட்டிக்கொடுப்போன் வருவதற்குச் சற்று முன்னர், தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருப்பதாக இயேசு சீஷர் மூவரிடம் சொன்னதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

ஜெரோம் முனிவரின் இலத்தீன் மொழிபெயர்ப்பு இரு பதங்களையும் ‘அமிகுஸ்’ என்னும் ஒன்றிலேயே அடக்கிற்று. நம் பழைய தமிழ் வேதாகமமும் இரண்டுக்கும் சிநேகிதன் என்றே வைத்தது. பெரியோர் செய்த அரும்பணியில் குறைகாண்பது என் நோக்கமன்று. எனினும் சிநேகிதனே என்று மட்டும் படித்து நிறுத்துகிறவர், இயேசு அவ்வேளையில் உள்ளன்பை எடுத்துக் கூறினார் என்றோ, இகழ்ச்சிக்குறிப்பாகப் பேசினார் என்றோ கொள்ள இடமுண்டாகிறது. பிரசங்க பீடங்களில் இரண்டும் கேட்கப்படுகின்றன. இரண்டும் மத்தேயுவின் கருத்தாகா. தோழனே என்னும் சொல் நம் மொழியில் கூடித் திரிந்ததையும் உடனுண்டதையும் உணர்த்த வல்லது. அதனை அவ்விடத்தில் வைத்துப் பார்த்தால் மூலத்தின் நேர்மை பெரிதும் புலப்படும்.

அவ்விளிக்கு யூதாஸ் மறுமொழி சொன்னதாக மத்தேயு எழுதவில்லை; கலியாண வஸ்திரமில்லாதவனைப் போலவே அவனும் வாயடைத்து நின்றான் போலும். ஆனால் அடுத்த அதிகாரத்தில், குற்றமற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று பிரதான ஆசாரியரிடம் போய் அறிக்கையிட்டு முப்பது வெள்ளிக்காசையும் தேவாலயத்தில் எறிந்த அவனது மனஸ்தாபத்தை வேறெந்தச் சுவிசேஷகரும் சொல்லாதிருக்க, அவ்விளியைக் காத்துவைத்த இவ்வாசிரியரே இதனையும் காத்துவைத்திருக்கிறார். இவ்விரண்டையும் தற்செயலாக அடுத்தடுத்து நின்றவை என்று தள்ளிவிட என் மனம் இசையவில்லை.